கடலோரத்தில் இயற்கைத் தோட்டம்: நட்டுவிட்டுச் சும்மா விட்டால் வருமா?

கேள்வி: பிப்ரவரி 9

இங்கிலாந்தின் கார்ன்வாலிலும் அயர்லாந்திலும் பத்து நாள் தோட்டங்களாகப் பார்த்துவிட்டு வந்தோம். ஒரு இடத்திலும் நேர்கோடு இல்லை, கத்தரிக்கோல் பட்ட தடமும் இல்லை. மரப்பெரணிகள் அவை பாட்டுக்கு நிற்கின்றன, ஓடை அது பாட்டுக்கு ஓடுகிறது. நான் வீடு வாங்கியிருப்பதும் கடலோரம்தான். பனி அதிகம் கிடையாது, குளிர் கடுமை இல்லை. நல்ல செடிகளாக நட்டுவிட்டு மிச்சத்தை இயற்கையிடம் விட்டுவிடலாம் என்பது என் கட்சி. தவறென்றால் சொல்லுங்கள்.

பதில்: பிப்ரவரி 9, இரவு

தவறு. விவரமாக நாளை எழுதுகிறேன். இப்போது வெளியே அடிக்கிற காற்றில் பின்பக்கக் கதவை யாராவது பிடித்துக்கொண்டால்தான் தாழ் விழுகிறது.

பிப்ரவரி 10

கார்ன்வால் போனீர்கள் என்றால் ஹெலிகனைப் பார்க்காமல் வந்திருக்க மாட்டீர்கள். உங்கள் கட்சிக்கு எதிரான முதல் சாட்சி அதுதான். ட்ரெமெய்ன் குடும்பத்தின் தோட்டம். முதல் உலகப் போருக்குப் போகுமுன் அங்கிருந்த தோட்டக்காரர்கள் கழிவறைச் சுவரில் பென்சிலால் பெயரெழுதி, ஆகஸ்ட் 1914 என்று தேதி போட்டார்கள். அவர்களில் பலர் திரும்பவில்லை. அதன்பின் தோட்டம் ஏறக்குறைய எழுபத்தைந்து ஆண்டுகள் நீங்கள் சொன்னபடியே இயற்கையிடம் விடப்பட்டது. 1990-ல் உள்ளே நுழைந்தவர்கள் கண்டது ஆளுயர முட்புதர், ஐவிக்கொடி, விழுந்த மரங்கள். அரிவாளால் வெட்டி வழி உண்டாக்கித்தான் உள்ளே போனார்கள். மிதமான கடலோரத்தில் இயற்கைக்கு முழுச் சுதந்திரம் கொடுத்தால் முதலில் வருவது முட்புதர். குளிர் கடுமையான இடத்தில் களைக்கு வருஷத்தில் நாலைந்து மாதம் விடுமுறை உண்டு. இங்கே அதுவும் கிடையாது. என் புல்லை ஜனவரியில்கூட வெட்டியிருக்கிறேன்.

கத்தரிக்கோல் பட்ட தடம் தெரியவில்லை என்றால் கத்தரித்தவர் நன்றாகக் கத்தரித்திருக்கிறார் என்று அர்த்தம்.

பிப்ரவரி 10, பின்னும்

காலையில் எழுதியதைப் படித்தால் பராமரிப்புதான் முதல் பாடம் என்று சொன்னது போல இருக்கிறது. இல்லை. முதல் பாடம் காற்று. மற்றதெல்லாம் அப்புறம்.

ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையில் இன்வெரியூ தோட்டம் இருக்கிறது. மாஸ்கோவைவிட வடக்கே. வட அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் கரையைத் தொடுவதால் குளிர் பொறுக்கும்படி இருக்கிறது. ஆஸ்குட் மெக்கன்சி கைக்கு அந்த நிலம் 1862-ல் வந்தபோது அது வெறும் பாறை முனை; மரம் என்று சொல்ல ஒன்றிரண்டு குட்டை வில்லோக்கள். மண்ணைக் கூடை கூடையாகச் சுமந்து கொண்டுவந்து கொட்டினார்கள். அவர் உடனே அருமையான செடிகளை வாங்கி நடவில்லை. கடலைப் பார்த்த பக்கமெல்லாம் பைன் மரங்களை நட்டுவிட்டுக் காத்திருந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள்! அவை ஆளாகி நின்ற பிறகுதான் உள்ளே தென்பாதி உலகத்துச் செடிகள் பிழைக்கத் தொடங்கின. இன்று அங்கே போகிறவர் யூகலிப்டஸைப் படம் எடுக்கிறார். ஓரத்தில் நிற்கும் பைனை யாரும் எடுப்பதில்லை. நானும் எடுக்கவில்லை. முதல் தடவை போய்வந்து படங்களைப் புரட்டினால் ஒரு பைன்கூட இல்லை.

அயர்லாந்தின் பாண்ட்ரி விரிகுடாவிலுள்ள இல்நாகுலின் தீவும் இதே கதைதான். 1910-ல் ஆனன் பிரைஸ் வாங்கிய பாறைத் தீவு. தோட்டத்தை வடிவமைப்பாளர் ஹரால்ட் பீட்டோ வரைந்து கொடுத்தார், மண் படகில் வந்தது. ஆனால் 1928-ல் வேலைக்குச் சேர்ந்த தலைமைத் தோட்டக்காரர் மர்டோ மெக்கன்சி காற்றுத்தடுப்பு மரங்களை ஒழுங்காக வளர்த்த பிறகுதான் தீவு இன்றைய தோட்டமாக ஆயிற்று. (பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று கேட்காதீர்கள். இவர் வேறு மெக்கன்சி.)

பிப்ரவரி 14

என் கதை. வீடு வந்த முதல் வருஷம் மேற்குப் பக்கம் இரண்டு மீட்டர் உயரத்துக்கு இடைவெளியே இல்லாத பலகை வேலி போட்டேன். காற்றைச் சுத்தமாக அடைத்துவிட்டோம் என்று நிம்மதி. வேலியை ஒட்டி நட்டதெல்லாம் ஒரே குளிர்காலத்தில் சுழற்றிப் பிய்த்துப் போட்டது போல ஆகிவிட்டது. சில செடிகள் வேலியை நோக்கியே சாய்ந்து கிடந்தன. காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து வந்ததா என்று குழம்பினேன்.

காரணம் எளிது. அடைத்த சுவரில் மோதும் காற்று மேலேறி, அந்தப் பக்கம் தலைகுப்புற விழுந்து சுழலும். பாதி திறந்தும் பாதி அடைந்தும் இருக்கும் வேலி காற்றை வடிகட்டி வேகத்தைக் குறைக்கும், சுழல் எழாது. அப்படிப்பட்ட வேலி தன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை நன்றாகப் பாதுகாப்புத் தரும். அதற்கப்பாலும் கொஞ்சம் தரும். இரண்டு மீட்டர் வேலிக்கு இருபது மீட்டர் தோட்டம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வருஷம் பலகைகளை ஒன்றுவிட்டு ஒன்று கழற்றினேன். அந்தப் பலகைகளில்தான் இப்போது மக்கு உரத் தொட்டி நிற்கிறது. வேலிக்கு உள்பக்கம் ஒலியேரியா, கிரிசலினியா, எஸ்கலோனியா என்ற மூன்று புதர்ச்செடிகளையும் கலந்து நட்டேன். உப்பைத் தாங்கும் செடிகளை இலையைத் தொட்டே கண்டுபிடித்துவிடலாம். தோல் போலத் தடித்திருக்கும், பிசுபிசுக்கும், அல்லது சாம்பல் நிற மயிர் படர்ந்திருக்கும். மெல்லிய அகன்ற இலை வந்ததென்றால் அதைக் காற்றுக்கு முன்னால் நிறுத்தாதீர்கள். ஒரே புயலில் ஓரமெல்லாம் தீய்ந்து பழுப்பாகும்.

இன்னொன்று. சிறிய நாற்றாக நடுங்கள். ஆளுயரச் செடியை வாங்கி வைத்தால் காற்று அதை ஆட்டிக்கொண்டே இருக்கும், வேர் மண்ணைப் பிடிக்காது. முழங்கால் உயர நாற்று நாலு வருஷத்தில் அதை முந்திவிடும். எனக்கு முந்தியது. பெரிய செடி, நான் கொடுத்த பணத்தை நினைவுபடுத்திக்கொண்டு இன்னும் முட்டுக்கொடுத்து நிற்கிறது.

பிப்ரவரி 15

"மரம் வளர்த்தால் கடல் தெரியாதே, கடலுக்காகத்தானே வீடு வாங்கினேன்" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், தெரியாது. நீங்கள் கடலைப் பார்க்கிற வழியாகத்தான் கடலும் உங்களைப் பார்க்கும்.

மார்ச் 2

மேலே நான் எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. யாரும் சுட்டவில்லை, ஆகவே நானே சொல்கிறேன். "மிதமான கடலோரம்" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டேன். அது இரண்டு வகை.

ஒன்று ஈர மிதம். மேற்கு அயர்லாந்து, மேற்கு ஸ்காட்லாந்து, கார்ன்வால். வருஷம் முழுதும் மழை. கோடை என்பது பெயருக்குத்தான். மரப்பெரணி, கமேலியா, ரோடோடென்ட்ரான் எல்லாம் இங்கே ராஜா. மற்றது வறண்ட கோடை மிதம். மத்தியதரைக் கடற்கரை, கலிபோர்னியா, நடுச் சிலி, தென்னாப்பிரிக்காவின் கேப், ஆஸ்திரேலியாவின் தென்மேற்கும் தெற்கும். அங்கே மழை குளிர்காலத்தில், செடிகள் தூங்குவது கோடையில். பிரான்ஸின் தென்கரையில் ராயோல் தோட்டத்தை 1989 முதல் தோட்ட வடிவமைப்பாளர் ஜில் கிளெமான் வடிவமைத்தபோது இந்த நிலங்களைத்தான் பக்கம் பக்கமாக வைத்தார். செடிகள் நாட்டால் வேறு, வாழ்க்கைமுறையால் உறவு. சிறிய தடித்த இலை, எண்ணெய் வாசனை, தீக்குப் பிறகு துளிர்க்கும் அடிக்கட்டை. அங்கே சுற்றிவந்தால் புரிந்துவிடும்.

இந்த வித்தியாசத்தில் எத்தனை செடிகள் செத்திருக்கின்றன தெரியுமா? லாவண்டரைக் கொல்வது பெரும்பாலும் குளிர் இல்லை, குளிர்காலத்து ஈரம்தான். பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து டிகிரி குளிரைக்கூடக் காய்ந்த சரளையில் தாங்கும் செடி, உறையாத குளிரில் ஈரக் களிமண்ணில் அழுகும். குறைந்தபட்ச வெப்பநிலைப் பட்டியலைப் பார்த்துச் செடி வாங்குகிறவர்கள் பாதியைத்தான் படிக்கிறார்கள். கோடை வெயில் போதாமல் கிளை முற்றாத செடியும் அப்படித்தான். பச்சைக் கிளையோடு குளிர்காலத்துக்குள் போகும், லேசான உறைபனியிலேயே கருகும்.

உங்கள் இடம் எந்த மிதம்? அதைச் சொல்லாமல் செடிப் பட்டியல் கேட்காதீர்கள்.

மார்ச் 3

ஈரம்தான், மண் மட்டும் மணல் என்கிறீர்கள். கொடுத்துவைத்தவர். வடிகால் பிரச்சினை பாதி தீர்ந்தது.

கேப் பகுதிப் பூச்செடியான புரோட்டியா மேல் ஆசை இருந்தால் ஒரு எச்சரிக்கை. என் முதல் புரோட்டியாவை அன்பால் கொன்றேன். நட்டபோது குழியில் எலும்புத்தூள் போட்டேன், மாதம் ஒருமுறை உரநீரும் ஊற்றினேன். இலை மஞ்சளாயிற்று. பசி என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். போய்விட்டது. கேப்பின் மண்ணில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. அந்த வேர்கள் கிடைக்கிற துளியையும் உறிஞ்சிக்கொள்ளப் பழகியவை, போதும் என்று நிறுத்தத் தெரியாதவை. விருந்து வைத்தால் விஷமாகும். இரண்டாவது புரோட்டியாவுக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. ஏழு வருஷமாகப் பூக்கிறது.

மார்ச் 20

அயர்லாந்தின் மவுண்ட் அஷர் தோட்டத்தில் ஓடை "அது பாட்டுக்கு ஓடுகிறது" என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா. நானும் அப்படித்தான் நினைத்தேன். வார்ட்ரி ஆறு அங்கே அவ்வளவு அழகாகச் சலசலப்பதற்குக் காரணம் வால்போல் குடும்பம் குறுக்கே கட்டிய சிறு தடுப்பணைகள். தண்ணீர் தேங்கி மரங்களைக் காட்டும், அப்புறம் விளிம்பில் விழுந்து சத்தம் போடும். 1868-ல் எட்வர்ட் வால்போல் எடுத்தது ஒரு பழைய ஆலையைச் சுற்றியிருந்த ஒரு ஏக்கர் உருளைக்கிழங்கு நிலம். அவ்வளவு இயற்கையான ஆற்றுக்குள் அவ்வளவு கட்டட வேலை இருப்பது இரண்டாவது முறை போனபோதுதான் கண்ணில் பட்டது.

அந்தக் குடும்பம் கேட்டது வில்லியம் ராபின்சனின் பேச்சை. அயர்லாந்துக்காரர், 1870-ல் "காட்டுத் தோட்டம்" என்று புத்தகம் எழுதினார். ராபின்சன் உள்ளூர்ச் செடிகளை மட்டும் நடச் சொன்னார் என்று பலர் நம்புகிறார்கள். அவர் சொன்னது வேறு: எந்த நாட்டுச் செடியானாலும் சரி, உன் மண்ணில் உதவியில்லாமல் பிழைக்குமானால் அதற்குப் பிடித்த மூலையில் நடு, பிறகு அது தன் வழியில் போகட்டும்.

பாத்தியில் வரிசையாக வைத்த செடியைவிட அது தன் விதையிலிருந்து தானே தேர்ந்தெடுத்த இடத்தில் முளைத்த செடி எப்போதும் நன்றாக நிற்கிறது. சரளைப் பாதை ஓரம், சுவர் அடி, படிக்கட்டு இடுக்கு. நாம் ஒருபோதும் நடத் துணியாத இடங்கள். ஆகவே என் வசந்தகால வேலை நடுவது இல்லை, பிடுங்குவது. நூறு நாற்று முளைத்தால் ஏழெட்டை விடுகிறேன். எந்த ஏழு என்பதில்தான் தோட்டம் இருக்கிறது.

ஏப்ரல் 6

எக்கியம் பினினானா இந்த வருஷம் பூக்கப் போகிறது. கேனரித் தீவுச் செடி. முதல் வருஷம் இலைக்கொத்து, அடுத்தோ அதற்கடுத்தோ மூன்று நான்கு மீட்டர் கோபுரம், தேனீக்கள் மொய்க்க மொய்க்கப் பூத்து, விதை சிந்தி, செத்துப்போகும். நான் நட்டது இரண்டு. இப்போது நிற்பது பதினொன்று, அதில் ஒன்று தபால் பெட்டிக்கு முன்னால். தபால்காரர் அதைச் சுற்றி வளைந்து வருகிறார். வெட்டவா என்று கேட்டேன், வேண்டாம் என்றார்.

மே 18

தானாக முளைப்பதைப் புகழ்ந்து எழுதி இரண்டு மாதம் ஆகிறது. இப்போது மறுபக்கம்.

ராபின்சன் சிபாரிசு செய்த செடிகளில், பரவினால் ஒழிப்பது கடினமான ஜப்பானிய நாட்வீடும் உண்டு. இன்று பிரிட்டனில் வீடு விற்கிறவரிடம் அந்தச் செடி நிலத்தில் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்கிறார்கள். அயர்லாந்தின் கில்லார்னி ஓக் காடுகளின் அடியை ரோடோடென்ட்ரான் பான்டிகம் மூடிக்கொண்டு புதுக் கன்றுகள் எழவிடாமல் செய்கிறது. அதுவும் தோட்டத்திலிருந்து தப்பியதுதான். மேற்கு அயர்லாந்தின் ஆக்கில் தீவில் கன்னெரா டிங்க்டோரியா என்ற பேரிலைச் செடி வயலிலும் மலைச்சரிவிலும் குடை விரித்து நிற்கிறது. இங்கிலாந்தின் தென்மேற்கே உள்ள ட்ரெஸ்கோ தீவின் மணல்மேடுகளில் அகபாந்தஸ் என்ற தோட்டச்செடி தானாகப் பூப்பதைப் பார்த்து எல்லாரும் ஆகா என்கிறார்கள், நானும் சொன்னேன். அங்கே முன்பு என்ன வளர்ந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

என் குற்றம் கார்ப்போபுரோட்டஸ் என்ற படர்செடி. தடித்த இலை, பெரிய பூ, உப்பு தாங்கும், சரிவு மண்ணைப் பிடிக்கும் என்று ஒரு துண்டை ஊன்றினேன். மூன்று வருஷத்தில் வேலியைத் தாண்டிக் கடற்பாறைக்குப் போய்விட்டது. அங்கிருந்த கடல்பிங்க் பூச்செடிகளை அடியோடு மூடிவிட்டது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை முழங்காலில் நின்று உரித்தெடுத்தேன். ஒரு துண்டு விட்டாலும் வேர் விடும். மிதமான இடத்தின் ஆபத்து இதுதான்: கொல்லும் குளிர் இல்லை, ஆகவே எல்லாம் பிழைக்கும், பிழைப்பவற்றில் சில ஊரையே பிடிக்கும். வேலிக்கு வெளியே இயற்கை நிலம் இருந்தால் நடுமுன் அந்தச் செடி உங்கள் பகுதியில் தடை செய்யப்பட்டதா என்று பாருங்கள். பறவை தின்னும் பழம், பறக்கும் விதை, உடைந்தால் வேர்விடும் தண்டு. இந்த மூன்றையும் சந்தேகப்படுங்கள்.

மார்ச் 20 குறிப்பை அழிக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம், இரண்டும் இருக்கட்டும்.

ஜூலை 11

மழையே இல்லை. நீங்கள் தினமும் தண்ணீர் ஊற்றுவதாக எழுதியதைப் படித்துக் கவலையாயிற்று.

இங்கிலாந்தின் எசெக்ஸில் தோட்டக்கலைஞர் பெத் சாட்டோ தன் பழைய கார் நிறுத்துமிடத்தைச் சரளைத் தோட்டமாக்கினார். 1990-களின் தொடக்கம். ஆண்டு மழை 500 மில்லிமீட்டர் போல. தண்ணீர் ஊற்றுவதில்லை என்பதே சோதனை. எல்லாரும் இந்தப் பாதியை மட்டும் திருப்பிச் சொல்கிறார்கள். மறுபாதி: இறுகிய தரையை ஆழமாக உடைத்து, மக்கு கலந்து, அந்த மண்ணுக்கு என்ன வாழும் என்று தேர்ந்தெடுத்து, நட்டபோது நன்றாக நனைத்து, மேலே சரளை மூடாக்குப் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் குழாயை மூடினார்கள். முதல் கோடையில் வாரம் ஒருமுறை ஆழமாக ஊற்றுங்கள், தினமும் தெளிக்காதீர்கள். மேல்மண்ணில் ஈரம் இருந்தால் வேர் அங்கேயே உட்கார்ந்துவிடும்.

நவம்பர் 23

புயல். ஒலியேரியா வேலியில் ஆறு மீட்டர் போய்விட்டது. கூரை ஓடு நாலு.

நவம்பர் 25

இப்போதுதான் உட்கார முடிந்தது. ட்ரெஸ்கோ நினைவுக்கு வருகிறது. 1834-ல் அகஸ்டஸ் ஸ்மித் தொடங்கியது; பாழடைந்த மடத்தின் சுவர்களைச் சுற்றி, மான்டெரி சைப்ரஸும் மான்டெரி பைனும் காவல் நிற்க. ஒன்றரை நூற்றாண்டு எல்லாரும் உதாரணம் காட்டிய தோட்டம். 1987 ஜனவரியில் வழக்கத்தில் இல்லாத பனியும் உறைகுளிரும் வந்து செடிகளில் பெரும்பகுதியைக் கொன்றன. மறுபடி நட்டார்கள். 1990 ஜனவரி 25 புயல் காவல் மரங்களையே சாய்த்துப்போட்டது.

பிப்ரவரியில் "காற்றுத்தடுப்பு முதலில், மற்றதெல்லாம் அப்புறம்" என்று தீர்ப்பு மாதிரி எழுதினேன். அதில் ஒரு ஓட்டை: ஒரே சமயத்தில் நட்ட மரங்கள் ஒரே சமயத்தில் கிழவராகும். தடுப்பு ஒருமுறை கட்டி முடிக்கிற சுவர் இல்லை. அதற்குள்ளேயே குழந்தையும் வாலிபனும் கிழவனும் சேர்ந்து நிற்க வேண்டும். என் ஒலியேரியா எல்லாம் ஒரே பெட்டியில் ஒரே நாளில் வந்தவை. விழுந்த ஆறு மீட்டரில் இனி வருஷத்துக்கு இரண்டு மீட்டராக நடுவேன், ஒவ்வொரு தடவையும் வேறு செடி.

"மிதமான" என்ற சொல்லும் சராசரியின் சொல்தான். இருபது வருஷம் மிதமாக இருந்துவிட்டு ஒரு இரவு மிதமாக இல்லாவிட்டால் போதும். அருமையான செடி எதுவானாலும் ஒரு பதியனையோ கொஞ்சம் விதையையோ வேறொருவர் வீட்டில் வைத்திருங்கள்.

டிசம்பர் 8

விழுந்த இடத்தைச் சுத்தம் செய்த பிறகு அந்த இடைவெளி வழியாகக் கடல் தெரிகிறது. பதினான்கு வருஷத்துக்குப் பிறகு.

திரைப்பட இயக்குநர் டெரிக் ஜார்மன் 1986-ல் இங்கிலாந்தின் டஞ்சனெஸ் கூழாங்கல் கரையில் கறுப்புக் குடிசை ஒன்றை வாங்கினார். அணு மின் நிலையம் பக்கத்தில், மரம் இல்லை, மண் இல்லை, வேலியும் வைக்கவில்லை. மேலே நான் எழுதியபடி பார்த்தால் அங்கே தோட்டமே வந்திருக்கக்கூடாது. அவர் காற்றை நிறுத்தப் பார்க்கவில்லை. அங்கே ஏற்கனவே ஆழ வேர்விட்டு வாழ்ந்துகொண்டிருந்த கடல்கேல் என்ற கரையோரச் செடியைச் சேர்த்துக்கொண்டார், கரையில் ஒதுங்கிய மரத்துண்டுகளை நட்டார், கற்களை வட்டமாக வைத்தார். குட்டையாக, சாம்பல் நிறமாக, தரையோடு தரையாக. தோட்டம் எங்கே முடிகிறது, கரை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. மற்ற தோட்டங்கள் காற்றைத் தடுத்து வேறொரு நாட்டை உள்ளே கொண்டுவந்தன. இது இருக்கிற நாட்டிலேயே இருந்தது.

இதை நான் ஏன் பிப்ரவரியிலேயே சொல்லவில்லை? மரப்பெரணி ஆசைதான், வேறென்ன.

டிசம்பர் 9

இல்லை, வேலி முழுவதையும் எடுக்கச் சொல்லவில்லை! காலையில் வந்த கேள்விகளைப் பார்த்துப் பயந்துவிட்டேன். உங்கள் மனையில் காற்று அடிக்கும் பக்கம் கொஞ்சம் இருக்கும், ஒதுங்கிய மூலை கொஞ்சம் இருக்கும். ஒதுங்கிய மூலைக்கு வேலியும் பெரணியும். அடிக்கும் பக்கத்துக்குக் கடல்பிங்க், கடல்ஹோலி, கடல்கேல். இரண்டையும் ஒரே தோட்டமாகச் செய்ய முடியுமா என்று எனக்கே இனிமேல்தான் தெரியும்.

பிப்ரவரி 9

சரியாக ஒரு வருஷம். உங்கள் படங்களைப் பார்த்தேன். நாற்றுகள் முழங்கால்வரை வந்துவிட்டன, கிரிசலினியா நன்றாகப் பிடித்திருக்கிறது. மூன்றாவது படத்தில் வலது ஓரம், படிக்கட்டுக்குக் கீழே நிற்பது நீங்கள் நினைப்பது போலக் களை இல்லை. எக்கியம். நீங்கள் போன கோடையில் வாங்கிப்போன விதைதான் எங்கோ சிந்தியிருக்கும். பிடுங்காதீர்கள்.

என் பக்கம், விழுந்த ஆறு மீட்டரில் முதல் இரண்டு மீட்டர் நட்டாயிற்று. அடுத்த இரண்டு அடுத்த வருஷம். கடைசி இரண்டில் ஒன்றும் நடவில்லை. சமையலறை ஜன்னலுக்கு நேரே அதுதான். நேற்று அங்கே நின்று தேநீர் குடித்தேன், கோப்பை இரண்டு நிமிஷத்தில் ஆறிப்போயிற்று.